காவடிச்சிந்து அண்ணாமலையார்

தைப்பூச நாளில் தருமபுரிக் குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துச் செல்வோரை அவ்வூர் மாணவர் கண்டிருப்பர். ஏனையோர் தத்தம் ஊர்களிற் கண்டிருப்பர். தோளிலே காவடி, காலடிக்கு ஏற்பத் தாளம், அத்தாளத்தோடு துள்ளி வரும் சிந்து. வழிநடையின் களைப்பை மாற்றும் இப்பாட்டினைப் புலவர் அவையும் போற்றும் இலக்கியமாக உயர்த்தியவர், தெற்கே சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் 1865இல் தோன்றிய அண்ணாமலை ரெட்டியார் ஆவார்.

இளமையிலேயே கவி பாடும் ஆற்றல் அவர்பால் அமைந்திருந்தது. திருவாவடுதுறை மடத்தை அடைந்து, சுப்பிரமணிய தேசிகரிடத்தும், அந்நாளில் அங்கிருந்த உ. வே. சாமிநாத ஐயரிடத்தும் பாடம் கேட்டார். பதினெட்டாம் வயதில் ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப்புலவரானார். வீரை எனப்படும் வீரகேரளம்புதூரே அத்தலைவரின் இருப்பிடம். வீரைத் தலபுராணம், சங்கரன்கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை முதலிய நூல்களைப் பாடி, இலக்கணம் வல்லார் மெச்சும் புலவராக விளங்கினார்.

மருதப்பத் தேவர் முருகனிடத்துப் பேரன்பு பூண்டவர். அவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபொழுது, உடன் சென்ற அண்ணாமலையார் வழிநெடுகப் பாடியவையே காவடிச்சிந்து என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. கழுகுமலைக் கோயில் மலையைக் குடைந்து அமைத்தது. ஆதலின் இறைவனை வலம் வருவோர் மலையையே சுற்றி வருதல் வேண்டும். அம்மலையின் வளமும், ஊரின் செழிப்பும், வாவியின் அழகும் அவர் பாட்டில் இடம்பெற்றன. முருகன்மேற் காதல் கொண்ட தலைவி தோழியிடம் உருகுவதும் உண்டு. சங்கப் புலவர் போற்றிய அகத்துறை, காவடி சுமப்பார் நாவிலே வந்து அமர்ந்தது!

இப்பாட்டு எளிதிற் பாடத்தக்கதன்று. அளவொத்த அடிகள் எதுகையும் மோனையும் இயைபும் நெருங்கப் பெற்று, தாளம் வழுவாது ஓடுதல் வேண்டும். ஓரசை மிகினும் நடப்பவர் கால் தடுமாறும். அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தங்களில் தோய்ந்த உள்ளம் உடையவராதலின் அண்ணாமலையார்க்கு அது கைவந்தது. காவடிச்சிந்தின் தந்தை என அவரை வழங்குவர்.

யான் மாணவனாயிருந்த காலத்தில், திரிபந்தாதிக்குப் பொருள் காண்பதே புலமை என்றும், சிந்து வழிநடைப் பாட்டு என்றும் எண்ணியிருந்தேன். ஒருமுறை எழுத்தறியா முதியவர் ஒருவர் காவடிச்சிந்தினை ஒரு சொல்லும் பிறழாது பாடக் கேட்டேன். ஆக்கியோன் பெயரை அவர் அறியார். திரிபந்தாதியோ எனக்கே இரண்டு செய்யுளுக்குமேல் நினைவில் இல்லை. அன்று நாணினேன்.

முப்பது வயதும் நிரம்பாமல், 1891இல் அண்ணாமலையார் மறைந்தார். முதுமை வரை வாழ்ந்திருப்பின் இன்னும் எத்தனை சந்தங்கள் தமிழுக்குக் கிடைத்திருக்குமோ! கழுகுமலைக்கு அணித்தேயுள்ள எட்டயபுரத்தில் சுப்பிரமணியன் என்னும் சிறுவனுக்கு அப்பொழுது பத்து வயதும் ஆகவில்லை. பின்னாளில் பாரதியார் எனப் பெயர்பெற்று, நாட்டு விடுதலையைப் பாட அவர் சிந்து யாப்பையே பெரிதும் கையாண்டார்.