கோழியாளத்திலிருந்து நேட்டால் வரை: இரட்டைமலை சீனிவாசன்

திண்டிவனத்தைத் தாண்டிச் சென்னைச் சாலையில் போனால் மதுராந்தகம். அந்த வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். வட்டமேசை மாநாட்டில் அவர் பேசியது பலருக்குத் தெரியும். அதற்கு முன் ஆப்பிரிக்காவில் அவர் கழித்த சுமார் 20 ஆண்டுகள் அதிகம் பேசப்படுவதில்லை.

அவர் கைக்குழந்தையாக இருந்த 1860 நவம்பரில், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. 1911 வரை இந்தியாவிலிருந்து சுமார் 1,52,000 பேர் அங்கே சென்றனர். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று அடங்கியிருந்த தென்னாற்காடு மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். சேரி மக்கள் பலர் அவர்களில் இருந்தனர். கப்பல் பதிவேட்டில் ஊர்ப் பெயரோடு சாதியும் எழுதப்பட்டது.

பஞ்சம் மட்டுமே அவர்களை விரட்டவில்லை. நன்றாக விளைந்த ஆண்டிலும் சேரியில் பசி இருந்தது. உழுதவர்களுக்கு நிலம் இல்லை. குடியிருந்த மனைகூட மிராசுதாரின் கையில் இருந்தது. பண்ணையில் வாங்கிய கடன் பிள்ளைகள் தலையிலும் விழுந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கை இந்த நிலைமையைத்தான் விவரித்தது. அதையொட்டி 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது.

அதே 1891இல் சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் ‘பறையன்’ இதழை வெளியிட்டார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ, அந்தப் பெயரையே இதழுக்கு வைத்தார்.

1900இல் லண்டன் செல்லப் புறப்பட்டவர் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. பின்னர் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஆனார். ஊர்ப் பசிக்குத் தப்பி வந்தவர்களை அங்கே வேறு அநீதி பிடித்துக்கொண்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி, அதாவது ஆறு மாதக் கூலி. 1913இல் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்த பிறகே, 1914இல் அந்த வரி நீங்கியது.

1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பிய சீனிவாசன், 1923இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, கிணறு, குளம், சந்தை, அரசு அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். இது மானப் பிரச்சினை மட்டுமல்ல, சோற்றுப் பிரச்சினையும்தான். சந்தைக்குள் போக முடியாதவர் விளைந்ததை விற்க முடியாது. தாலுகா கச்சேரிக்குள் நுழைய முடியாதவர் பட்டா கேட்க முடியாது.

1930, 1931 வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரோடு கலந்துகொண்டார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார். கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

இன்று தாலுகா அலுவலகத்துக்குள் நுழைய நம்மை யாரும் தடுப்பதில்லை. ஆனால் உள்ளே கொடுத்த பஞ்சமி நில மனுக்கள்தான் இன்னும் காத்துக் கிடக்கின்றன. அவர் திறந்துவிட்ட வாசல் வழியே நாம் கேட்டு முடிக்க வேண்டியது அந்த நிலத்தைத்தான்.