எருக்கம்பாலை ஆராய்ந்த குளித்தலைக்காரர்

சங்ககிரி மலையடிவாரத்தில் எந்தப் பயிரும் ஏறாத கரட்டு நிலத்திலும் எருக்கு செழித்து நிற்கும். கிளையை ஒடித்தால் பால் வடியும். யாரும் விதைக்காத, தண்ணீர் ஊற்றாத அந்தச் செடியின் பாலில் என்னதான் இருக்கிறது என்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் நம் காவிரிக் கரைக்காரர். பெயர் திருவேங்கட ராஜேந்திர சேஷாத்ரி. அறிவியல் உலகத்துக்கு டி.ஆர். சேஷாத்ரி.

சங்ககிரிக்கு மேற்கே ஓடும் காவிரி, கரூர் மாவட்டத்தின் வழியே கிழக்கே போகும்போது அதன் தென்கரையில் இருக்கும் ஊர் குளித்தலை. அங்கே 1900 பிப்ரவரி 3 அன்று பிறந்தார். பள்ளிப் படிப்பு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல். வசதியான குடும்பம் இல்லை. இராமகிருஷ்ண மடத்தின் ஆதரவு அவருக்குக் கைகொடுத்தது. 1927இல் சென்னை மாகாண அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார்.

மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சன் என்ற பெரிய வேதியியலாளரிடம் சேர்ந்தார். மலேரியா மருந்துகளும் பூக்களின் நிறப்பொருள்களும் அங்கே அவருடைய பாடம். 1929இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து ஆஸ்திரியாவில் பிரேகல் என்பவரிடம், ஒரு சிட்டிகை பொருளை வைத்தே அதில் உள்ளதைக் கணக்கிடும் நுண்பகுப்பாய்வைக் கற்றார். எடின்பரோவில் பார்ஜர் என்பவருடன், கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் செனீசியோ செடிகளின் நச்சுப்பொருளை ஆராய்ந்தார்.

1930இல் ஊர் திரும்பியதும் அவர் வந்து சேர்ந்த இடம் கோவை வேளாண் கல்லூரி. அங்கே சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்துவிட்டு, 1933இல் வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வேதியியல் துறையை வளர்த்தெடுத்தவர் அவர்தான்.

வெளிநாட்டில் படித்தவர் என்றாலும், அவர் ஆராயக் கையில் எடுத்தவை நம் வயலிலும் வரப்பிலும் கிடைப்பவை. பருத்திப் பூவின் மஞ்சள் நிறம் எதனால் வருகிறது என்று பார்த்தார். புளிச்சைப் பூவைப் பார்த்தார். புங்கெண்ணெயிலிருந்து பொங்கமால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். போர்க்காலத்தில் பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. அந்த நெருக்கடிக்கு இடையிலும் மாணவர்களுடன் எருக்கின் பால், தண்டுப்பட்டை, வேர்ப்பட்டை என்று ஒவ்வொன்றாகப் பகுத்தார்.

அவருடைய வழி எளிமையானது. ஒரே செடியில் சேர்ந்து கிடைக்கும் பொருள்களை அருகருகே வைத்துப் பார்ப்பார். ஒன்றில் ஓர் ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும். இன்னொன்றில் ஒரு மீதைல் ஒட்டியிருக்கும். அதைக் கொண்டு, செடி எதை முதலில் செய்தது, அதிலிருந்து எதைச் செய்தது என்று வரிசைப்படுத்துவார். செடிக்குள் படிப்படியாக ஒரு சமையல் நடக்கிறது என்பதை விளைந்த பண்டத்தை வைத்தே ஊகித்தார். அந்தச் சமையலைச் செய்யும் நொதிகளைப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள்.

எருக்கம்பாலில் அவர் கண்டவை பிசின் வகைப் பொருள்கள். இவை ஸ்டெராலுக்குப் பங்காளி உறவு. ஸ்டெரால் என்பது செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள சவ்வுக்கு உறுதி தரும் கொழுப்பு வகைப் பொருள். அது இல்லாமல் எந்தப் பயிரும் வளராது.

இரண்டும் புறப்படும் இடம் ஒன்றே. சர்க்கரை உடைந்து கிடைக்கும் சிறு துண்டுகளை நொதிகள் கோத்துக் கோத்து, ஸ்குவாலீன் என்ற நீளச் சங்கிலியாக்குகின்றன. இந்தப் பாதையின் தொடக்கத்திலேயே ஒரு நொதி மடைபோல நிற்கிறது. ஸ்டெரால் போதுமான அளவு சேர்ந்தால் அந்த மடை குறுகும். தேவை கூடினால் திறக்கும். ஸ்குவாலீனுக்குப் பிறகு வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு நொதி அதை மடக்கினால் ஸ்டெராலுக்கான பாதை. வேறொரு நொதி மடக்கினால் எருக்கம்பாலில் உள்ளதுபோன்ற பொருள்கள். ஸ்டெராலில் ஒரு பகுதியைச் செடி பிராசினோஸ்டீராய்டு என்ற வளர்ச்சி ஊக்கியாகவும் மாற்றிக்கொள்கிறது.

ஸ்குவாலீன் மடங்கித்தான் கொலஸ்ட்ரால் உருவாகிறது என்று 1934இல் எழுதியவர் சேஷாத்ரியின் குரு ராபின்சனே. மூலப்பொருளைச் சரியாகச் சொன்னார். மடங்கும் விதத்தைத் தவறாகச் சொன்னார். 1950களில் மற்றவர்கள் அதைத் திருத்தினார்கள். அறிவியலில் இது குறையாகக் கருதப்படுவதில்லை. முதல் ஊகம் இல்லாவிட்டால் திருத்தத்துக்கும் இடமில்லை.

சேஷாத்ரி 1949இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். சுமார் 160 பேர் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 1960இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1963இல் பத்மபூஷண் கிடைத்தது. 1965இல் ஓய்வு பெற்ற பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. 1975 செப்டம்பர் 27இல் மறைந்தார்.

இதில் விவசாயிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி, மஞ்சளில் இலைப்புள்ளி வந்தால் நாம் வாங்கும் மருந்தைப் பாருங்கள். ஹெக்சகோனசோல், டெபுகோனசோல், புரோபிகோனசோல். இவை எல்லாமே ஸ்டெரால் சமையலில் கைவைப்பவை. பூஞ்சாணத்துக்கும் ஸ்டெரால் வேண்டும். அதன் பெயர் எர்கோஸ்டெரால். அதைச் செய்யும் நொதிகளில் ஒன்றை இந்த மருந்துகள் பிடித்துக்கொள்கின்றன. சவ்வு கெட்டு, பூஞ்சாணத்தின் வளர்ச்சி நின்றுபோகிறது.

இங்கேதான் கவனம் தேவை. மூன்று மருந்தும் பிடிப்பது அதே ஒரு நொதியைத்தான். கடையில் பெயரை மாற்றி வாங்கினாலும் பூஞ்சாணத்துக்கு அது பழைய மருந்துதான். திரும்பத் திரும்ப அடித்தால், அந்த நொதியைச் சற்றே மாற்றி வைத்திருக்கும் பூஞ்சாணம் மட்டும் தப்பிப் பெருகும். பிறகு அளவைக் கூட்டினாலும் பணம்தான் வீண். அளவைக் கூட்டுவதில் இன்னொரு கேடும் உண்டு. இந்த வகை மருந்துகள் செடியின் சொந்த வளர்ச்சி ஊக்கியான ஜிப்ரலினைச் செய்யும் நொதிகளையும் ஓரளவு தடுக்கும், பயிர் குட்டையாகிவிடும். மாமரத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தப் போடும் பேக்லோபூட்ரசோல் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆகவே டப்பாவின் வணிகப் பெயரைப் பார்க்காமல், அடியில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். கோனசோல் என்று முடிந்தால், அடுத்த தெளிப்புக்கு வேறு வகையைக் கேளுங்கள். மேங்கோசெப் பூஞ்சாணத்தைப் பல இடங்களில் தாக்குவதால் அதற்கு எதிர்ப்பு எளிதில் வராது. உங்கள் பயிருக்கு அது பரிந்துரைக்கப்பட்டதா, எவ்வளவு போட வேண்டும் என்பதை வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செடிக்குள் நடக்கும் வேலையைப் படிப்படியாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் சேஷாத்ரி. எந்தப் படியில் மருந்து கைவைக்கிறது என்று தெரிந்து தெளித்தால், அவருடைய உழைப்பு நம் வயலுக்கும் வந்து சேரும்.