கல்லைத் தேய்த்தவர் எஃகைப் படித்தார்



ஆண்டு மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி நம் மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, எல்லோருக்கும் தெரிந்த எடிசனையோ விஸ்வேஸ்வரய்யாவையோ எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம்ம மெட்டலர்ஜி புத்தகத்துக்குள்ளேயே ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கிறார். ஹீட் ட்ரீட்மெண்ட் பாடத்தில் ‘சோர்பைட்’ என்று ஒரு சொல் வருமே, இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் அவர். பெயர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. பாறைகளை ஆராய்பவர்களும் சரி, உலோகங்களை ஆராய்பவர்களும் சரி, இன்றைக்கும் தங்கள் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் பெயர் அது.

அவரை எனக்கு நெருக்கமாக்கியது புத்தகம் அல்ல, என் அப்பாவின் தொழில். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி பக்கம். அப்பா ஒரு கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். முதலாம் ஆண்டில் ஹாஸ்டலில் யாராவது அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், கம்பெனியில் வேலை என்று சொல்லி நழுவிவிடுவேன். கல் தேய்க்கிறார் என்று சொல்ல வாய் வராது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு ஒழுங்கான பதில் தெரியாது.

பட்டறையில் வீணாகும் துண்டுகளில் அழகானதாகப் பார்த்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றி வீட்டு ஜன்னல் ஓரம் அடுக்கி வைப்பது அப்பாவின் வழக்கம். போன பொங்கல் லீவில் என் தங்கச்சி அவற்றைப் போட்டோ எடுத்துத் தரச் சொன்னாள். செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை படம் எடுத்தாலும் ஒன்றில் டியூப் லைட் தெரிந்தது, இன்னொன்றில் என் முகம் தெரிந்தது. கல் மட்டும் தெரியவே இல்லை! பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. அலுத்துப்போய் வைத்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து லைட்டை அணைத்தார். கல்லை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி லேசாகச் சாய்த்துப் பிடித்தார். என் முகம் மறைந்தது. கல்லுக்குள் இருந்த கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமான பரல்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பாலிஷில் கீறல் விட்டிருக்கிறதா என்று அவர் தினமும் பார்க்கிற முறையாம் அது.

லீவு முடிந்து வந்ததும் மெட்டலோகிராபி பிராக்டிகல். எமரி ஷீட்டில் எஃகுத் துண்டைத் தேய்த்துக்கொண்டே எங்கள் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இதே பிரச்சினையோடு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு மல்லுக்கட்டிய ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். அவர்தான் சோர்பி.

சோர்பி 1826ஆம் ஆண்டு மே 10 அன்று இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தை ஒட்டிப் பிறந்தார். கத்தி, உளி, எஃகுக் கருவிகளுக்குப் பேர்போன ஊர் அது. அவருடைய குடும்பமும் கருவி செய்யும் தொழிலில் இருந்த குடும்பம்தான். ஒரே பிள்ளை. உள்ளூர் பள்ளியில் படித்தார், அதன் பிறகு வீட்டுக்கு வந்து ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்கு அவர் போகவே இல்லை! இருபதைத் தாண்டியதும் அப்பா இறந்துவிட, குடும்பச் சொத்து அவருக்கு வந்தது. பெரிய பணக்காரர் என்று சொல்ல முடியாது, ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பணத்தை அவர் தொழிலில் போடவில்லை. வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1874இல் அம்மா இறக்கும்வரை அவரோடுதான் வாழ்ந்தார்.

இந்த இடத்தில் நம்மில் பலருக்கு ஒரு எண்ணம் வரும். எனக்கும் வந்தது. அவருக்கென்ன, சொத்து இருந்தது, உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார், நாம அப்படியா என்று. உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் அன்றைய ஷெஃபீல்டில் சொத்துள்ள பிள்ளைகள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் கல்லைத் தேய்த்துக்கொண்டு உட்காரவில்லையே!

எலும்பு, பல் போன்றவற்றை மெல்லிய சீவலாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் முறையை அவர் வில்லியம்சன் என்ற அறிஞரிடம் கற்றார். அதைப் பாறையில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. 1849இல் ஆரம்பித்தார். கல் துண்டின் ஒரு பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்குவார். அதைக் கனடா பால்சம் என்ற பிசினால் கண்ணாடியில் ஒட்டுவார். பிறகு மறுபக்கத்தைத் தேய்ப்பார், தேய்ப்பார், தேய்த்துக்கொண்டே இருப்பார். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரும்வரை! நம் கணக்கில் 0.025 மில்லிமீட்டர். நாம் எழுதும் காகிதத்தின் கனத்தில் ஏறக்குறைய கால்வாசி. அந்த அளவுக்கு மெலிந்தால் கருங்கல்கூடக் கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும். ஒரு நிமிஷம் அவசரப்பட்டால் அத்தனை நாள் உழைப்பும் தூளாகிவிடும்.

அந்தச் சீவல்களை வைத்து அவர் கண்டது சாதாரணமல்ல. சிலேட்டுக் கல் ஏன் தகடு தகடாகப் பிரிகிறது என்பதற்குப் பூமிக்குள் ஏற்பட்ட அழுத்தமே காரணம் என்று 1853இல் எழுதினார். படிகங்களுக்குள் சிக்கியிருக்கும் நுண்ணிய நீர்த்துளிகளையும் அதனுள் இருக்கும் குமிழியையும் வைத்து, அந்தப் பாறை எந்த வெப்பத்தில் உருவாகியிருக்கும் என்று கணக்கிடலாம் என 1858இல் காட்டினார். ஊர் என்ன செய்தது தெரியுமா? சிரித்தது! மலையைப் போய் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதா என்று கேலி. அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை, அடுத்த கல்லைத் தேய்க்கப் போய்விட்டார். சிர்க்கல் என்ற ஜெர்மன் இளைஞர் அவரைச் சந்தித்து இந்த முறையைக் கற்றுப் பரப்பிய பிறகுதான் பாறை நுண்ணோக்கியியல் ஐரோப்பா முழுவதும் வேரூன்றியது.

இனிதான் நம்ம பாடம் வருகிறது. வானத்திலிருந்து விழும் விண்கற்களில் இரும்பு இருக்கும். அவற்றின் மேல் சோர்பிக்கு ஆர்வம் வந்தது. அதை ஒப்பிட, மனிதன் செய்த இரும்பையும் எஃகையும் பார்க்க வேண்டும் என்று 1863இல் இறங்கினார். ஊர் முழுக்க எஃகு உலைகள், துண்டுக்கா பஞ்சம்?

ஆனால் இரண்டு சிக்கல். முதலாவது, அவசரமாக அழுத்தி மினுக்கினால் மேல்தோல் நசுங்கி, உள்ளே இருக்கும் அமைப்பை மூடிவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் அது பொய்யான பளபளப்பு. அதனால் எமரி காகிதம், பிறகு மென்மையான தீட்டுக்கல், கடைசியில் ஈரத்துணியில் ரூஜ் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு பொடி என்று படிப்படியாகப் போனார். பிறகு மிகவும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் நனைத்தார். நம் லேபில் எமரி ஷீட், டிஸ்க் பாலிஷ், நைட்டால் என்று செய்கிறோமே, அதற்கு மூலம் இதுதான்.

இரண்டாவது சிக்கல்தான் என் ஜன்னல் ஓரத்துச் சிக்கல். கல்லை மெலிதாக்கினால் ஒளி ஊடுருவும். எஃகை எவ்வளவு மெலிதாக்கினாலும் ஒளி போகாதே! மேலிருந்துதான் வெளிச்சம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது கண்ணாடி மாதிரி அப்படியே திருப்பி அடிக்கும். சோர்பி இரண்டு வழி வைத்துக்கொண்டார். ஒன்று, வளைந்த ஒரு பிரதிபலிப்பானால் வெளிச்சத்தைச் சாய்வாக விழவைப்பது. அப்போது வழவழப்பான இடம் ஒளியை வேறு பக்கம் அனுப்பிவிட்டு இருட்டாகத் தெரியும், அமிலம் அரித்த சொரசொரப்பான இடம் வெளிச்சமாகத் தெரியும். இன்னொன்று, லென்ஸின் பாதியை மறைக்கும்படி ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து ஒளியை நேராகக் கீழே அனுப்புவது. அப்போது வழவழப்பான இடம் பிரகாசிக்கும், அரித்த இடம் இருளும். ஒரே எஃகு, இரண்டு வெளிச்சம், இரண்டு படம். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் எது உண்மை என்று அவர் முடிவு செய்தார்.

அந்தக் காட்சிகளைப் போட்டோவாக எடுத்து 1864இல் அறிஞர்கள் முன் வைத்தார். ஒரு சலனமும் இல்லை. தண்டவாளம் உடைந்து ரயில் விபத்து நடந்தால், அந்தத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் தன்னைப் பைத்தியம் என்றிருப்பார்கள் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். இன்றைக்கு விபத்து நடந்தால் உடைந்த துண்டைத் தானே முதலில் லேபுக்கு அனுப்புகிறார்கள்!

இருபது வருடம் ஓடியது. 1880களில் இன்னும் சக்தி வாய்ந்த லென்ஸோடு திரும்பி வந்தார். முத்துச்சிப்பி போல மின்னிய ஒரு பகுதி, உண்மையில் மிக மெல்லிய இரண்டு வகைத் தகடுகளின் அடுக்கு என்று கண்டார். 1887இல் விவரமாக வெளியிட்டார். அதுதான் நாம் படிக்கும் பியர்லைட். அவரை நினைவுகூர பிற்பாடு வைக்கப்பட்ட பெயர்தான் சோர்பைட்.

கடைசிக் காலத்தில் ‘கிளிம்ஸ்’ என்ற படகில் கோடை முழுக்கக் கடலோரம் சுற்றி, கடல் உயிரினங்களைக் கண்ணாடித் தகடுகளில் பதப்படுத்தினார். பட்டம் பெறாத அந்த மனிதர் ஷெஃபீல்டின் ஃபர்த் கல்லூரிக்குத் தலைவராக இருந்து, 1905இல் அந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் வரப் பாடுபட்டவர்களில் ஒருவரானார். நிலவியல் பேராசிரியர் பதவிக்குத் தன் சொத்திலிருந்து நிதியும் எழுதிவைத்தார். 1908 மார்ச் 9 அன்று, 81 வயதில் காலமானார்.

நண்பர்களே, சோர்பியிடமிருந்து அவருடைய சொத்தை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. பொறுமையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நம்பர் எமரி ஷீட்டைத் தாண்டிக் குதித்துவிட்டு, கீறலோடு மைக்ரோஸ்கோப்புக்கு ஓடும் நம் பழக்கத்தை விடலாம். நானும் குதித்தவன்தான். அப்பாவிடம் அதைச் சொன்னபோது, பட்டறையில் 50ஆம் நம்பரில் தொடங்கி 3000 வரைக்கும் ஒன்றைக்கூட விட முடியாது, விட்டால் கடைசியில் கல்லே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். சோர்பியின் பெயரை அப்பா கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பாடத்தை மட்டும் கையில் வைத்திருக்கிறார்.

இந்த லீவில் அந்தக் கற்களை மறுபடி படம் எடுத்தேன். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மென்மையாக்கினேன். கறுப்புச் சார்ட்டில் ஓட்டை போட்டு அதன் வழியாக செல்போனின் லென்ஸை நீட்டினேன், என் முகம் விழவில்லை. கல்லைச் சாய்த்துப் பிடித்தது அப்பா. நன்றாக வந்த நான்கு படங்களை நம் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன், போகும்போது பாருங்கள். பாலிஷ் போட்டவர் யார் என்று கீழே எழுதியிருக்கிறேன். அது என் அப்பாவின் பெயர். அவர் கல் தேய்க்கிறார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை