கோயம்புத்தூர் வகுப்பறையில் மறைந்திருந்த மாணவர்: இரட்டைமலை சீனிவாசனின் வாழ்வும் நமது ஆசிரியர் கல்வியும்

தாத்தா இரட்டைமலை சீனிவாசனை வட்டமேசை மாநாட்டின் பிரதிநிதியாக, அண்ணல் அம்பேத்கருடன் இலண்டனில் நின்றவராக நாம் அறிவோம். அவர் கொங்கு மண்ணில் ஒரு மாணவராக இருந்த காலத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. ஆசிரியர் பயிற்சி பெறும் இளைஞர்கள் முதலில் அறிய வேண்டிய பகுதி அதுவே.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் 1860-இல் பிறந்த சீனிவாசன் கோயம்புத்தூர்க் கலாசாலையில் பயின்றார். 1939-இல் வெளிவந்த தமது ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அந்நாட்களை அவரே பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக மற்றெல்லோரும் பிராமணர். தம் சாதியும் குடும்பமும் வசிப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள் என்று அஞ்சி, அவர் எவருடனும் நட்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் செல்வார். வகுப்பு முடிந்ததும் சக மாணவர்கள் நெருங்குமுன் விரைந்து வீடு சேர்வார். கூடி விளையாட இயலாத வேதனையில், இந்த நிலையை எவ்வாறு வெல்வது என்ற சிந்தனையே அவருக்குத் துணையாக இருந்தது.

இன்று கல்வியியல் கல்லூரிகளின் உளவியல் பாடத்தில் ஆபிரகாம் மாஸ்லோவின் தேவைப் படிநிலை தவறாமல் இடம்பெறுகிறது. 1943-இல் அவர் முன்வைத்த கோட்பாடு அது. உடல் தேவை, பாதுகாப்பு, அன்பும் பிறரோடு சேர்ந்திருத்தலும், மதிப்பு ஆகியவற்றுக்கு மேலே உச்சியில் நிற்பது, ஒருவர் தம் ஆற்றல் முழுவதையும் மலரச் செய்யும் தன்திறன் நிறைவு. தேர்வில் ஐந்து படிகளையும் வரிசையாக எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கோயம்புத்தூர் வகுப்பறையில் மூன்றாம் படியை அடைத்து நின்றது எது? சீனிவாசனுக்கு ஊக்கமும் அறிவும் குறைவில்லை. அடைத்து நின்றது சாதி. பாடநூலின் படிநிலைப் படத்தில் சாதிக்கு இடமே இல்லை.

சீனிவாசன் எவ்வாறு வளர்ந்தார் என்பதும் அந்தப் படத்துக்குள் அடங்குவதில்லை. நீலகிரியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றி, 1890-இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் இதழ் ஒன்றைத் தொடங்கினார். எந்தப் பெயர் வெளிப்பட்டுவிடக் கூடாது என்று மாணவப் பருவத்தில் ஒளிந்து வாழ்ந்தாரோ, அந்தப் பெயரையே இதழின் தலைப்பாக்கினார்: ‘பறையன்’. பாதுகாப்பும் மதிப்பும் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவற்றுக்காகப் போராடும்போதே தம்மைக் கண்டடைந்தார். அவருடைய தன்திறன் நிறைவு தனியொருவரின் ஏற்றமாக நின்றுவிடவில்லை. அதே ஆண்டின் இறுதியில், குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் சாதி இந்துக்களின் ஆதிக்கமே வலுப்படும் என எதிர்த்து அவர் அனுப்பிய மனுவில் 3,412 பேர் கையொப்பமிட்டனர். ஒருவர் அச்சத்தை உதறியதும் ஆயிரக்கணக்கானோர் தம் பெயரை எழுத முன்வந்தனர்.

1900-இல் கடல் கடந்து சென்றவர், தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் தாயகம் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினரானார். பொதுச் சாலைகள், கிணறுகள், பொது அலுவலகங்கள் அனைத்தையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தும் உரிமையை வலியுறுத்தி 1924-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1930, 1931 ஆம் ஆண்டுகளில் வட்டமேசை மாநாடுகளில் பங்கேற்றார். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு விரைந்த மாணவர், எல்லோரும் எல்லாச் சாலையிலும் நடக்கும் உரிமையைச் சட்டமன்றத்தில் கேட்டுப் பெற்றார்.

சீனிவாசன் வென்றதால் அந்த வகுப்பறை குற்றமற்றதாகிவிடாது. அவரைப் போல் மறைந்து வாழ்ந்து, மறைந்தபடியே படிப்பைக் கைவிட்டவர்களின் சரித்திரத்தை எழுத எவரும் இல்லை. கொங்கு மண்டலம் இன்னும் அந்த நிழலிலிருந்து முழுதாக வெளியேறவுமில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைப்பதைச் சாதி இந்துக்கள் எதிர்த்தனர். அந்தப் பள்ளியில் அமர்ந்திருந்த குழந்தைகள் அன்று கற்ற பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லாதது.

நாங்குநேரி வன்கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் தன் அறிக்கையை அளித்தது. மாணவர்கள் சாதி அடையாளக் கயிறுகள் அணிவதைத் தடுப்பது முதல் ஆசிரியர்களுக்கான பயிற்சி வரை அது பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. ஆசிரியர் கல்வி பேசும் தன்வளர்ச்சி, பயிற்சி மாணவர் தம் சாதி தமக்கு அளித்த சலுகையையோ தம்மீது சுமத்திய அச்சத்தையோ நேர்மையாக நோக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். தன்னை அறியாத ஆசிரியருக்கு, கடைசி நிமிடத்தில் உள்ளே வரும் மாணவர் வெறும் தாமதக்காரராகவே தெரிவார்.

கல்வியியல் கல்லூரிகளில் பயிலும் தோழர்களிடம் நாம் கேட்பது இதுதான். மாஸ்லோவைப் படிக்கும் வகுப்பில் சீனிவாசனையும் படியுங்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குச் செல்லும்போது, விளையாட்டு நேரத்தில் தனித்து நிற்பவர் யார், யாருடன் எவரும் உணவைப் பகிர்வதில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த மாணவரும் தம் பெயரையும் தெருவையும் மறைக்கத் தேவையில்லாத வகுப்பறையை உருவாக்குவதே, ஓர் ஆசிரியர் எட்டக்கூடிய உயர்ந்த படி.