விதை தேடிய வித்தகர் வாவிலோவ்

பருப்பைக் கடையில் கண்ட அளவுக்குச் செடியில் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? செய்முறை வகுப்பில் பட்டாணிப் பூவைப் பிரித்து இதழ்களை எண்ணும் நாம், அந்தப் பட்டாணியில் எத்தனை வகைகள் உள்ளன என்று எண்ணுவதில்லை. அதை எண்ணுவதற்கென்றே வாழ்ந்த ஒருவரின் வரலாறு என்னை ஆட்கொண்டது. அவர்தாம் சோவியத் நாட்டுத் தாவரவியல் பேரறிஞர் நிக்கொலாய் வாவிலோவ்.

1887ஆம் ஆண்டு மாஸ்கோவில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். வேளாண்மை பயின்றபின் 1913இல் இங்கிலாந்து சென்று, மெண்டலின் பட்டாணிச் சோதனைகளை உலகறியச் செய்த பேட்சனிடம் ஆய்வு செய்தார். 1917இல் வோல்கா நதிக்கரையிலுள்ள சராத்தோவ் நகரில் பேராசிரியரானார். 1920இல் அந்நகரில் நடந்த மாநாட்டில்தான் தம் புகழ்பெற்ற விதியை வெளியிட்டார். ஓரினத்தில் காணும் வேறுபாடுகள் அதன் உறவினங்களிலும் அதே வரிசையில் தோன்றும் என்பது அவ்விதியின் சாரம். மைசூர்ப் பருப்புச் செடியின் வயலில் வெட்ச் என்ற களை வளரும். அதுவும் பயறு இனமே. அதன் விதை இயல்பில் உருண்டை. ஆனால் பருப்பைப் போலவே தட்டை விதை கொண்ட வெட்ச் வகையும் உண்டு! உழவன் சலித்தாலும் புடைத்தாலும் அது பருப்போடு கலந்து நின்று, மறுபருவம் மீண்டும் விதைக்கப்படும். உழவன் கையிலிருந்த சல்லடையே களையையும் தேர்ந்தெடுத்து வளர்த்தது என்பது எவ்வளவு வியப்பு!

பின்னர் லெனின்கிராடு ஆய்வு நிலையத்தின் தலைவரானார். 1924இல் ஆப்கானிஸ்தான், 1926, 1927ஆம் ஆண்டுகளில் மத்தியதரைக் கடல் நாடுகளும் எத்தியோப்பியாவும் என அலைந்து விதை சேர்த்தார். கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் மத்தியதரைக் கடற்பகுதியில் பெருவிதையாகவும், கிழக்கே வர வரச் சிறுவிதையாகவும் இருப்பதைக் கண்டார். நம் துவரை, உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றின் தாயகம் இந்தியா என்று குறித்தவரும் அவரே. இத்தனை வகைகள் எதற்கு என்று கேட்கலாம். நோயைத் தாங்கும் திறன் எந்த மூலையிலுள்ள எந்த வகையில் ஒளிந்திருக்கிறதோ, யார் அறிவார்?

விதை சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. 1923 முதல், பல பயிர்களின் ஒரே வகைகளைச் சோவியத் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் விதைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் செழிக்கும் வகை மற்றோரிடத்தில் நலியும். மரபு தருவது எது, மண்ணும் வானமும் தருவது எது என்று பிரித்தறிய வேறு வழியில்லை. என் கருத்தில் அவருடைய மற்ற பணிகளைவிட இப்பொறுமையே பெரிது.

ஆனால் காலம் பொறுமையை விரும்பவில்லை. 1927இல் பிராவ்தா நாளேடு லைசென்கோ என்னும் இளைஞரை வானளாவப் புகழ்ந்தது. அசர்பைஜானில் குளிர்காலத்தில் பட்டாணி விளைவித்தார் என்பதே அவர் சாதனை. ஓரிடத்து விளைச்சல் ஒருவரை நாட்டுக்கே அறிமுகப்படுத்திவிட்டது! வாவிலோவும் முதலில் அவரை ஊக்குவித்தவரே. மரபணுக் கொள்கையை மறுத்த லைசென்கோ, ஸ்டாலினின் ஆதரவோடு 1938இல் வேளாண் அறிவியல் கழகத் தலைவரானார். வாவிலோவ் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. 1940 ஆகஸ்டில், உக்ரைனின் மேற்குப் பகுதியில் செடி தேடிக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார். 1941இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, மறு ஆண்டு அது இருபதாண்டுச் சிறையாக மாற்றப்பட்டது.

அதே காலத்தில் ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. மக்கள் பசியால் மடிந்தனர். ஆய்வு நிலையத்திலோ டன் கணக்கில் விதைகள்! நிலக்கடலை ஆய்வாளர் ஷூக்கின் தம் மேசையிலேயே பட்டினியால் உயிர்நீத்தார். காவல் காத்த விதைகளை அவர் உண்ணவில்லை. இதைப் படித்தபோது என்னால் மேலே படிக்க இயலவில்லை.

வாவிலோவ் அடைபட்டிருந்தது, அவர் பேராசிரியராக விளங்கிய அதே சராத்தோவ் நகரில். அவர் மனைவி எலேனா பருலினா, மைசூர்ப் பருப்பு வகைகளைப் பற்றி 1930இல் பெருநூல் எழுதிய அறிஞர். போரினால் இடம்பெயர்ந்து மகனுடன் அவரும் அவ்வூரிலேயே வசித்தார். கணவர் மாஸ்கோவில் இருப்பதாக எண்ணி, தம் வறுமையிலும் மிச்சம் பிடித்த உணவுப் பொட்டலங்களை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார். 1943 ஜனவரி 26ஆம் நாள், அதே ஊரின் சிறையில், பசியால் நலிந்து வாவிலோவ் இறந்தார். 1955இல் நீதிமன்றம் அவர்மீதிருந்த தீர்ப்பை நீக்கியது.