வேருக்குத் திரும்பிய ஓவியர் ஜாமினி ராய்

அந்தமானில் நான் வசிக்கும் பெரார்கஞ்சைச் சுற்றி வங்காளிக் குடும்பங்கள் நிறைய உண்டு. 1949 முதல் தெற்கு அந்தமானில் குடியேற்றப்பட்டவர்களின் வாரிசுகள். அவர்கள் வீட்டுக் காலண்டர் ஒன்றில்தான் ஜாமினி ராயின் ஓவியத்தை முதலில் பார்த்தேன். தடித்த கறுப்புக் கோடு, நீண்ட கண்கள், குழந்தையுடன் ஒரு தாய். அவர் சரித்திரத்தைப் படித்தபோது, ஓவியத்தைக் காட்டிலும் அவர் எடுத்த முடிவு என்னைக் கவர்ந்தது.

1887 ஏப்ரல் 11 அன்று பாங்குரா மாவட்டம் பேலியாதோர் கிராமத்தில் பிறந்தார். 16 வயதில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து, ஐரோப்பிய முறையைக் கற்று, 1908-ல் டிப்ளமா பெற்றார். கேட்டவர்களுக்குத் தைல வர்ணத்தில் உருவப்படம் வரைந்து கொடுப்பதே ஜீவனமாயிற்று. அதில் நல்ல பெயரும் கிடைத்தது.

1920-களில், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, அந்தச் சம்பாத்தியத்தை விட்டார். இரவல் பாணி தன்னுடையதல்ல என்று அவருக்குப் பட்டுவிட்டது. காளிகாட் கோயிலருகே யாத்ரீகர்களுக்கு விற்ற படங்களையும், கிராமத்துப் பொம்மைகளையும், படச்சுருள்களையும் குருவாகக் கொண்டார். சீமை வர்ணங்கள் போய், விளக்குக் கரி, காவி மண், அவுரி, புளியங்கொட்டைப் பசை வந்தன. துணியிலும் பாயிலும் பலகையிலும் வரைந்தார். சில வருஷங்கள் கஷ்ட ஜீவனம்தான்.

1934-ல் வைஸ்ராயின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1946-ல் லண்டனிலும் 1953-ல் நியூயார்க்கிலும் கண்காட்சிகள் நடந்தன. பத்மபூஷண் விருதும் வந்தது. ரசகுல்லாவுக்குப் பெயர்போன கே.சி. தாஸ் குடும்பத்துக்காக ராமாயணத்தை 17 படங்களாகத் தீட்டினார்.

புகழ் வந்தும் அவர் விலையை ஏற்றவில்லை. சாமானியர் வீட்டுச் சுவரிலும் படம் இருக்க வேண்டுமென்று, குடும்பத்தார் துணையுடன் ஒரே படத்தைப் பல பிரதிகள் வரைந்தார். இதுவும் வியாபாரம்தானே என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு வாங்குபவரின் முகத்தை வரைந்தார். பின்பு தம் மனத்தில் இருந்ததை வரைந்தார். இரண்டுக்கும் காசு வாங்கினாலும் வித்தியாசம் பெரிது.

1972 ஏப்ரல் 24 அன்று கல்கத்தாவில் காலமானார். அவருடைய ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டு, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடையும் இருக்கிறது.

நம் குடும்பங்களிலும் நல்ல உத்தியோகத்தை விட்டு ஓவியம், சங்கீதம் என்று கிளம்பும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பைத்தியக்காரத்தனம் என்று உடனே தள்ளிவிட வேண்டாம். ஜாமினி ராய் தொழிலை முறையாகக் கற்று, அதில் சம்பாதித்துக் காட்டிய பிறகே அதை விட்டார். நம் பிள்ளையிடம் கேட்க வேண்டியது, வருமானம் எவ்வளவு என்பதற்கு முன், அந்த சிரத்தை இருக்கிறதா என்பதைத்தான்.