செய்யாத குற்றத்துக்கு தீவுச் சிறை... யார் இந்த டிரைஃபஸ்? பிரான்ஸில் யூத வெறுப்பு என்ன செய்தது?

ஐரோப்பாவிலேயே முதன்முதலாக யூதர்களுக்கு முழுக் குடியுரிமை கொடுத்த நாடு பிரான்ஸ். 1791-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனா, சுமார் 100 வருஷம் கழித்து அங்கே ஒரு யூத ராணுவ அதிகாரி, ஆதாரமே இல்லாமல் தேசத் துரோகி ஆக்கப்பட்டார். அவர்தான் ஆல்ஃபிரட் டிரைஃபஸ்.

யார் இவர்?

1859-ல் அல்சாஸ் பகுதியில் பிறந்தவர். அப்பா ஜவுளி ஆலை அதிபர். 1871-ல் அல்சாஸ் ஜெர்மனி வசம் போனபோதும், இந்தக் குடும்பம் பிரெஞ்சு குடியுரிமையை விடவில்லை. ராணுவத்தில் சேர்ந்த டிரைஃபஸ், பீரங்கிப் படை கேப்டன் ஆகி, தலைமையகம் வரை உயர்ந்தார்.

சிக்கியது எப்படி?

1894-ல் பாரிஸில் உள்ள ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக் கூடையிலிருந்து பெயர் போடாத ஒரு கடிதம் உளவுத்துறைக்குக் கிடைத்தது. யாரோ ராணுவ ரகசியத்தை விற்கிறார்கள் என்பது தெரிந்தது. பழி டிரைஃபஸ் மேல் விழுந்தது. கையெழுத்து அவருடையதுதானா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

அப்புறம் எப்படி நம்பினார்கள்? ஏன்னா, களம் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1882-ல் ஒரு கத்தோலிக்க வங்கி திவாலானபோதும், பிறகு பனாமா கால்வாய் ஊழல் வெடித்தபோதும் பழி யூதர்கள் மேல் போடப்பட்டது. எதுவார் த்ருமோன் என்பவர் 1886-ல் யூத வெறுப்பைக் கக்கி எழுதிய புத்தகம் விற்றுத் தீர்ந்தது. 1892-ல் அவர் தொடங்கிய நாளிதழ், ராணுவத்தில் யூத அதிகாரிகள் இருப்பதையே குறிவைத்தது.

மூடிய அறையில் விசாரணை நடந்தது. டிரைஃபஸின் வக்கீலுக்குக் காட்டாமலே நீதிபதிகளிடம் ஒரு ரகசியக் கோப்பு கொடுக்கப்பட்டது. தீர்ப்பு: ஆயுள் தண்டனை. 1895 ஜனவரி 5-ல் பலர் முன்னிலையில் அவரது பதவிச் சின்னங்கள் பிய்க்கப்பட்டன, வாள் உடைக்கப்பட்டது. கூட்டம் யூதர்களுக்கு எதிராகக் கோஷம் போட்டது. அடுத்து, தென் அமெரிக்கக் கரையோரம் உள்ள டெவில்ஸ் தீவில் 4 வருஷத்துக்கு மேல் தனிமைச் சிறை.

உண்மை வெளிவந்ததா?

1896-லேயே வந்தது. கடிதம் எழுதியவர் எஸ்டெர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரி என்பதைக் கண்டுபிடித்தவர் உளவுப் பிரிவுத் தலைவர் பிக்கார். இத்தனைக்கும் யூதர்கள் மேல் அவருக்கும் நல்ல எண்ணம் கிடையாது. ஆனா, தப்பை ஒத்துக்கொண்டால் மானம் போகும் என்று நினைத்த ராணுவம், அவரைத் துனிசியாவுக்கு அனுப்பியது. 1898 ஜனவரியில் எஸ்டெர்ஹாசி விடுதலை. இரண்டே நாளில் எழுத்தாளர் எமில் ஜோலா, ஜனாதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி ராணுவத் தலைமையைக் குற்றம்சாட்டினார். நாடே இரண்டாகப் பிளந்தது. பல ஊர்களில் யூதர்களின் கடைகள் தாக்கப்பட்டன.

1899 மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. பிறகு ஜனாதிபதி மன்னிப்பு. 1906-ல்தான் உச்ச நீதிமன்றம் அவர் நிரபராதி என்றது. மேஜர் பதவியோடு ராணுவத்துக்குத் திரும்பியவர், முதல் உலகப் போரிலும் பணியாற்றினார். 1935-ல் காலமானார்.

வெறுப்பு ஓய்ந்ததா?

இல்லை. 1908-ல் டிரைஃபஸைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்தியவர் விடுதலை ஆனார். 1940-ல் விஷி அரசு, யூதர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கிச் சட்டமே போட்டது. டிரைஃபஸின் பேத்தி மேட்லின், ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார்.

டிரைஃபஸுக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி வழங்கும் மசோதாவை, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை 2025 ஜூனில் ஒருமனதாக நிறைவேற்றியது. அவர் இறந்து அப்போது கிட்டத்தட்ட 90 வருஷம் ஆகியிருந்தது.